உத்தரவாதம் இல்லாத மென்பொருள், பொறுப்பு உள்ள வழங்கி

கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் வந்துள்ள எழுத்துகளில் பெரும்பாலானவை இரண்டு வகைக்குள் அடங்கிவிடும். அது ஏன் வேண்டும் என்று வாதிடுபவை ஒரு வகை. அதை எப்படி நிறுவுவது என்று கற்றுத்தருபவை மற்றொரு வகை. இரண்டும் தேவையானவை. 2007ஆம் ஆண்டு வாக்கில் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் அரசு அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்ற முயன்றபோதும், சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் 'பாஸ்' லினக்ஸை வெளியிட்டபோதும், 2012இல் 'கணியம்' இதழ் தொடங்கியபோதும் இவ்விரு வகைப் பேச்சும் எழுத்தும்தான் மாணவர்களை இந்தப் பக்கம் அழைத்துவந்தன. நிறுவிய பிறகு என்ன என்ற மூன்றாவது கேள்வியை நாம் போதிய அளவு கேட்கவில்லை. தன் மேசைக் கணினியில் மட்டும் நிறுவிக்கொள்பவருக்கு அந்தக் கேள்வி பெரிதாக எழாது. பிறர் பயன்படுத்தும் வழங்கியில் நிறுவுபவருக்கு அது முதல் நாளிலேயே எழுகிறது.

வழங்கி என்பது பேச்சு வழக்கில் சர்வர். கூகுள், மெட்டா போன்ற பெருநிறுவனங்களின் சேவையைப் பயன்படுத்தாமல், ஒரு குழுவோ கல்லூரியோ சங்கமோ தானே ஒரு வழங்கியை வாங்கி அல்லது வாடகைக்கு எடுத்து, அதில் கட்டற்ற மென்பொருளை நிறுவி, தன் உறுப்பினருக்குச் சேவை தருவதே சொந்த வழங்கி முறை. கோப்புகளைச் சேமிக்க நெக்ஸ்ட்கிளவுட், சமூக வலையாட மாஸ்டடான், உரையாட மேட்ரிக்ஸ், பாடம் நடத்த மூடுல் என்று இதற்கான மென்பொருள்கள் ஏராளம். பணச் செலவு குறைவு. தரவு நம் கையில் இருக்கிறது என்ற நிறைவும் உண்டு.

தரவு நம் கையில் இருக்கிறது என்றால் அதற்குரிய பொறுப்பும் நம் கையில்தான் இருக்கிறது. இதை இரு தரப்பினர் சரியாகப் பார்க்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். மென்பொருள் உரிமத்தில் உள்ள 'உத்தரவாதம் இல்லை' என்ற வரி தன்னையும் காக்கும் என்று வழங்கியை இயக்குபவர் எண்ணிக்கொள்கிறார். இயக்குபவர் எல்லாருமே சட்டப் பிரிவும் சம்பள ஊழியரும் கொண்ட நிறுவனங்கள் என்று சட்டம் எண்ணிக்கொள்கிறது. இந்த இரண்டு பிழைகளுக்கும் இடையில் அகப்படுபவர், தன் விவரத்தை நம்பிக் கொடுத்த சாதாரண பயனர்.

உரிமம் யாரைக் காக்கிறது?

குனு பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பு, அதாவது ஜி.பி.எல். 3, 2007 ஜூனில் வெளிவந்தது. அதன் 15, 16ஆம் பிரிவுகள் தெளிவானவை. மென்பொருள் உள்ளது உள்ளபடி தரப்படுகிறது. அது சரியாக இயங்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அதனால் நேரும் இழப்புக்கு எழுதியவர் பொறுப்பல்ல. சட்டம் அனுமதிக்கும் அளவுக்கே இது செல்லும் என்ற வரம்பையும் அப்பிரிவுகளே சொல்கின்றன. எம்.ஐ.டி., அப்பாச்சி முதலிய பிற உரிமங்களிலும் இதே பொருளில் ஒரு பகுதி உண்டு.

இது நியாயமான ஏற்பாடு. ஊதியம் வாங்காமல் நிரல் எழுதிப் பொதுவில் வைக்கும் ஒருவர், உலகில் எவரோ எங்கோ அதைத் தவறாக இயக்கியதற்கு இழப்பீடு கட்ட வேண்டும் என்றால், யாரும் நிரலைப் பொதுவில் வைக்க மாட்டார்கள். ஆனால் அந்த வரி யாருக்கும் யாருக்கும் இடையில் உள்ளது என்று பார்க்க வேண்டும். எழுதியவர் ஒரு பக்கம்; அதைப் பெற்று நிறுவியவர் மறுபக்கம். அந்த வழங்கியில் கணக்குத் தொடங்கித் தன் புகைப்படத்தையும் தொலைபேசி எண்ணையும் ஒப்படைத்த மூன்றாம் நபர் அந்த உடன்பாட்டில் இல்லை. அவர் எதையும் விட்டுக்கொடுக்கவும் இல்லை. எழுதியவரை நோக்கி நிறுவியவர் கைநீட்ட முடியாது என்பதே உரிமம் சொல்வது. நிறுவியவரை நோக்கிப் பயனர் கைநீட்டுவதை அது தடுக்கவில்லை.

உரிமம் நிறுவுபவருக்குக் கடமையும் வைக்கிறது. பழைய ஜி.பி.எல்.படி, மென்பொருளைப் பிறருக்கு விநியோகித்தால்தான் மூலநிரலைத் தர வேண்டும். வழங்கியில் வைத்துச் சேவையாக மட்டும் தருபவருக்கு அந்தக் கடமை இல்லை. இந்த இடைவெளியை அடைக்க 2007 நவம்பரில் வந்தது ஏ.ஜி.பி.எல். 3. அதன் 13ஆம் பிரிவின்படி, மென்பொருளில் மாற்றம் செய்து வலைவழியே பிறர் பயன்படுத்த விட்டால், மாற்றிய மூலநிரலை அந்தப் பயனர்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். மாஸ்டடானும் நெக்ஸ்ட்கிளவுடும் இந்த உரிமத்தில்தான் உள்ளன. 2021 அக்டோபரில் டொனால்ட் டிரம்ப் தரப்பின் 'ட்ரூத் சோஷியல்' தளம் மாஸ்டடான் நிரலை எடுத்தாண்டுவிட்டு மூலநிரலைத் தராமல் இருந்தபோது, சாப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற அமைப்பு அதை உரிம மீறல் என்று சுட்டிக்காட்டியது. அடுத்த மாதமே மூலநிரல் அந்தத் தளத்தில் வைக்கப்பட்டது. கட்டற்றது என்றால் கட்டுப்பாடே இல்லாதது என்று பொருள் கொள்பவர்களுக்கு இது போதிய விடை. நம் கல்லூரியொன்று மாஸ்டடானைத் தமிழுக்கேற்ப மாற்றி மாணவருக்குத் தந்தாலும் இதே விதிதான்.

கசிவு என்ற சொல்

இந்தப் பொறுப்பை விளங்கிக்கொள்ள வடசென்னையைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை. எண்ணூர், மணலி, அத்திப்பட்டு, மீஞ்சூர், வள்ளூர் என்று நீளும் இந்தத் தொழில் வட்டாரத்தில் கசிவு என்ற சொல்லை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வள்ளூரில் என்.டி.பி.சி.யும் தமிழக மின்வாரியமும் கூட்டாக நடத்தும் 1500 மெகாவாட் அனல்மின் நிலையம் இருக்கிறது. சற்றுத் தள்ளி வடசென்னை அனல்மின் நிலையம். அதன் சாம்பல் குழம்புக் குழாய்கள் உடைந்து கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் சாம்பல் படிந்தது பல ஆண்டுகள் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்காக நடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. தன் குழாய்களில் கசிவு இல்லை என்று சி.பி.சி.எல். நிறுவனம் முதலில் கூறியது. எண்ணெய் அந்த வளாகத்திலிருந்தே வந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே கடலுக்குள் சென்ற அம்மோனியாக் குழாய் கசிந்து, மக்கள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு ஓடினார்கள்.

இந்த நிகழ்வுகளில் எதிலும் குழாயைச் செய்து விற்றவரைத் தேடி மக்கள் போகவில்லை. குழாயை இயக்கியவர் யார் என்றுதான் கேட்டார்கள். இந்தியச் சட்டமும் அப்படித்தான் கேட்கிறது. டெல்லியில் 1985 டிசம்பரில் நடந்த ஓலியம் வாயுக் கசிவை ஒட்டி, 1986 டிசம்பர் 20 அன்று தலைமை நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு முழுப் பொறுப்பு என்ற கோட்பாட்டை வகுத்தது. அபாயகரமான தொழிலை நடத்துபவர், கவனமாகத்தான் இருந்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

வழங்கி அம்மோனியா ஆலை அல்ல. அந்தக் கோட்பாடு நேரடியாக இங்கே பொருந்தாது. ஆனால் அதன் அடியில் உள்ள அறம் பொருந்தும். ஆபத்தைத் தன் வளாகத்தில் சேர்த்து வைப்பவரே அது வெளியேறினால் பதில் சொல்ல வேண்டும். தரவும் சேர்த்து வைக்கப்படும் பொருள்தான். ஆதார் நகலும் வங்கிக் கணக்கு எண்ணும் மருத்துவச் சீட்டும் ஒருமுறை வெளியே போனால், முகத்துவாரத்தில் கலந்த எண்ணெய் போலத் திரும்ப அள்ள முடியாதவை.

சொந்தம் என்பதால் பாதுகாப்பு வருமா?

பெருநிறுவனத்திடம் கொடுத்தால் ஆபத்து, நம்மிடம் இருந்தால் பாதுகாப்பு என்பது இந்த இயக்கத்தில் அடிக்கடி கேட்கும் வாதம். பாதி உண்மை. பெருநிறுவனம் நம் தரவை விற்பனைச் சரக்காக்குகிறது என்பது சரி. நம்மிடம் இருந்தால் அந்த ஆபத்து நீங்கும். வேறு ஆபத்துகள் வரும்.

2017 ஜனவரியில் மோங்கோ டிபி என்ற தரவுத்தள மென்பொருளை நிறுவி, கடவுச்சொல் கூட வைக்காமல் இணையத்தில் திறந்து விட்டிருந்த பல்லாயிரம் வழங்கிகளின் தரவு அழிக்கப்பட்டு, பணம் கேட்டு மிரட்டல் வந்தது. மென்பொருள் அன்று ஏ.ஜி.பி.எல். உரிமத்தில் இருந்தது, மூலநிரல் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. குறை நிறுவிய விதத்தில் இருந்தது. 2014இல் ஓப்பன் எஸ்.எஸ்.எல். மென்பொருளில் கண்டறியப்பட்ட ஹார்ட்பிளீட் ஓட்டையும், 2021 டிசம்பரில் லாக்4ஜே நிரலில் வெளிப்பட்ட ஓட்டையும் விரைவில் அடைக்கப்பட்டன. ஆனால் அடைத்த பதிப்பை ஏற்ற வேண்டியவர் வழங்கியை இயக்குபவர். அவர் தேர்வு விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தால், ஓட்டை அவர் திரும்பும் வரை திறந்தே இருக்கும்.

பணமும் ஆளும் உள்ள நிறுவனங்களுக்கும் இதில் விலக்கில்லை. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் வழங்கிகள் தாக்கப்பட்டன. ஐந்து வழங்கிகளில் இருந்த தரவு பூட்டப்பட்டு, ஏறத்தாழ இரண்டு வாரம் நோயாளிப் பதிவு முதல் ஆய்வக முடிவு வரை கையால் எழுத வேண்டியதாயிற்று. வலையமைப்பைச் சரியாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. வழங்கிகள் எய்ம்ஸ் வளாகத்துக்குள்ளேயே, சொந்தக் கூரையின் கீழ்தான் இருந்தன.

மூன்றாவது நிகழ்வு இன்னும் நெருக்கமானது. கொலெக்டிவா என்பது அமெரிக்காவில் இடதுசாரிச் செயல்பாட்டாளர்கள் நடத்தும் மாஸ்டடான் தளம். 2023 மே மாதம் அதன் நிர்வாகிகளில் ஒருவர் வீட்டில், தளத்துக்குச் சம்பந்தமில்லாத வேறொரு வழக்குக்காக எஃப்.பி.ஐ. சோதனை நடத்தியது. அப்போது அவர் ஏதோ சரிபார்ப்புக்காக எடுத்து வைத்திருந்த தரவுத்தளக் காப்புப்படி, மறையாக்கம் செய்யப்படாத நிலையில் கைப்பற்றப்பட்டது. உறுப்பினர்களின் மின்னஞ்சல் முகவரி, தனிச் செய்திகள், இணைய முகவரி எல்லாம் அதில் இருந்தன. எந்தப் பெருநிறுவனமும் அரசிடம் காட்டிக்கொடுக்கவில்லை. நம்பிக்கைக்குரிய ஒருவர், நல்ல எண்ணத்தோடு, ஒரு வாரம் கவனக்குறைவாக இருந்தார், அவ்வளவுதான்.

வாட்ஸ்அப்பில் தனிச் செய்திகள் அனுப்புபவர் கருவியிலிருந்து பெறுபவர் கருவி வரை மறையாக்கப்பட்டே செல்கின்றன. அந்த ஒரு விஷயத்தில், மோசமாகப் பராமரிக்கப்படும் சொந்த வழங்கி வாட்ஸ்அப்பைவிடக் கீழானது. இப்படிச் சொல்வது இயக்கத்துக்குள் பலருக்குப் பிடிக்காது. ஆனால் பயனரின் பக்கம் நின்று பார்த்தால் வேறு முடிவுக்கு வர இயலாது.

சட்டம் கேட்பது என்ன?

இந்தியாவில் வழங்கி வைத்துப் பிறருக்குச் சேவை தருபவரை மூன்று சட்ட ஏற்பாடுகள் தொடுகின்றன.

முதலாவது, 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் அதன் கீழ் 2021 பிப்ரவரி 25 அன்று வந்த இடைநிலையாளர் விதிகளும். பிறருக்காக மின்னணுப் பதிவைப் பெறும், சேமிக்கும், அனுப்பும் எவரும் இடைநிலையாளர் என்கிறது சட்டம். பயனர் எழுதியதற்கு இடைநிலையாளரைப் பொறுப்பாக்கக் கூடாது என்ற காப்பை 79ஆம் பிரிவு தருகிறது. விதிகளைக் கடைப்பிடித்தால் மட்டுமே அந்தக் காப்பு. குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரின் பெயரையும் தொடர்பையும் தளத்தில் வெளியிட வேண்டும். நீதிமன்றமோ அரசோ ஆணையிட்டால் குறித்த நேரத்துக்குள் உள்ளடக்கத்தை நீக்க வேண்டும். விதிகள் வந்தபோது அந்த அவகாசம் 36 மணி நேரம். புலனாய்வு அமைப்பு முறைப்படி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். 50 லட்சம் பயனருக்கு மேல் உள்ள தளங்களுக்குக் கூடுதல் கடமைகள் உண்டு. ஆனால் மேலே சொன்ன அடிப்படைக் கடமைகள் 50 லட்சத்துக்கும் ஒன்றுதான், 50 பேருக்கும் ஒன்றுதான்.

இரண்டாவது, செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணை. தாக்குதல் அல்லது கசிவு தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் அதை அறிவிக்க வேண்டும். வழங்கியின் செயல்பாட்டுப் பதிவுகளை, அதாவது லாக்குகளை, 180 நாள் வைத்திருக்க வேண்டும். மீறினால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு.

மூன்றாவது, 2023 ஆகஸ்டில் நிறைவேறிய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். இதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. யாருடைய தரவு எதற்காக, எப்படிக் கையாளப்படும் என்று முடிவு செய்பவர் இச்சட்டப்படி தரவுப் பொறுப்பாளர். அவர் தகுந்த பாதுகாப்பு செய்ய வேண்டும். கசிந்தால் வாரியத்துக்கும் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும். பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். 18 வயது நிரம்பாதவரின் தரவைத் தொட, பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் தேவை. தனிப்பட்ட அல்லது வீட்டுத் தேவைக்காக ஒருவர் கையாளும் தரவுக்கு மட்டும் விலக்கு உண்டு. வீட்டுப் புகைப்படங்களைத் தன் வழங்கியில் வைத்திருப்பவர் கவலைப்பட வேண்டியதில்லை. சங்க உறுப்பினர் பட்டியலை வைத்திருப்பவர் கவலைப்பட வேண்டும்.

இச்சட்டத்தின் 8ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு நம் வாதத்துக்கு முக்கியமானது. வேறு எந்த ஒப்பந்தம் எப்படிச் சொன்னாலும், தரவுப் பொறுப்பாளரின் பொறுப்பு நீங்காது என்கிறது அது. உரிமத்தின் 'உத்தரவாதம் இல்லை' என்ற வரியைக் காட்டி வழங்கியை இயக்குபவர் தப்ப முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சொல் வேண்டாம்.

சட்டம் எங்கே தவறுகிறது?

பொறுப்பு இயக்குபவருடையது என்று சட்டம் சொல்வது சரி. அந்தப் பொறுப்பை அளக்கும் கோல்தான் தவறானது. கேரளத்தைச் சேர்ந்த டெபியன் மென்பொருளாளர் பிரவீன் அரிம்பிரத்தொடியில், எஃப்.எஸ்.சி.ஐ. என்ற கட்டற்ற மென்பொருள் சமூகத்தின் தன்னார்வலர். அந்தச் சமூகம் மேட்ரிக்ஸ் உள்ளிட்ட சேவைகளைச் சொந்த வழங்கியில் பொதுமக்களுக்கு நடத்திவந்தது. 2021இல் அவர் கேரள உயர் நீதிமன்றத்தில் இடைநிலையாளர் விதிகளை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். தன்னார்வலர் நடத்தும் சிறு சேவை மீதும் வணிக நிறுவனத்தின் மீதும் ஒரே சுமையை ஏற்றுவது சரியா என்பது அவ்வழக்கு எழுப்பிய கேள்விகளில் ஒன்று. இவ்விதிகளுக்கு எதிராகப் பல உயர் நீதிமன்றங்களில் இருந்த வழக்குகளை 2024இல் உச்ச நீதிமன்றம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு மாற்றியது.

கேள்வி நியாயமானது. 50 லட்சம் என்ற எல்லைக்கு மேலே படிக்கட்டு வைத்த சட்டம், கீழ்நோக்கிப் படிக்கட்டு வைக்கவில்லை. 200 உறுப்பினர் கொண்ட தளத்தை மாலை நேரத்தில் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர், 6 மணி நேரத்துக்குள் கசிவை அறிவிக்க வேண்டும் என்றால், அவர் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே அந்த அவகாசம் முடிந்துவிடும். தரவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு புத்தொழில் நிறுவனங்களுக்குச் சில விலக்குகள் தர வழி வைத்திருக்கிறது. அரசு அமைப்புகளுக்கு இன்னும் பெரிய விலக்குக்கு வழி வைத்திருக்கிறது. தன்னார்வலர் என்ற சொல் அங்கே இல்லை. எய்ம்ஸில் நடந்ததைப் பார்த்த பிறகும் அரசுக்கு விலக்கு, வாசகசாலைக்குச் சுமை என்பது தலைகீழான ஏற்பாடு.

லாக்குகளை 180 நாள் வைக்கச் சொல்வதிலும் முரண் இருக்கிறது. கொலெக்டிவா நிகழ்வு கற்றுத்தந்த பாடம், தேவையில்லாததைச் சேமிக்காதே என்பது. சேமிக்காத தரவு கசியாது. அதைக் கைப்பற்றவும் முடியாது. தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தேவை முடிந்ததும் தரவை அழிக்கத்தான் சொல்கிறது. செர்ட்-இன் ஆணையோ சேமித்து வை என்கிறது. பாதுகாப்புப் பிரிவு வைத்திருக்கும் நிறுவனம் இரண்டையும் சமாளிக்கும். ஒற்றை ஆள் இயக்கும் வழங்கிக்கு, சட்டப்படி வைத்திருக்க வேண்டிய லாக்கே மிகப்பெரிய ஆபத்தாகிவிடும்.

தொழில்நுட்பம் புரியாமல் எடுக்கும் நடவடிக்கைகள் மறுபுறம். 2023 மே மாதம், ஜம்மு காஷ்மீரில் பயங்கரவாதிகள் பயன்படுத்துவதாகக் காரணம் கூறப்பட்டு 14 செயலிகள் தடுக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. எலிமென்ட், பிரையர் ஆகிய கட்டற்ற செயலிகளும் அவற்றில் இருந்தன. எலிமென்ட் என்பது மேட்ரிக்ஸ் வலையமைப்புக்குள் நுழையும் பல கதவுகளில் ஒன்று மட்டுமே. பிரான்ஸ் அரசு தன் அலுவலர்களுக்கென நடத்தும் 'டிசாப்' உரையாடல் சேவையும் அதே மேட்ரிக்ஸில்தான் இயங்குகிறது. பிரையருக்கோ மைய வழங்கியே கிடையாது. இந்தியாவில் அலுவலகம் வை என்று அதனிடம் சொல்வதற்குப் பொருளே இல்லை. 2022இல் வி.எல்.சி. ஒளிக்காட்சி மென்பொருளின் வலைத்தளம் பல மாதம் முடக்கப்பட்டிருந்தது. அதை வெளியிடும் வீடியோலேன் அமைப்பு அக்டோபரில் வக்கீல் அறிவிப்பு அனுப்பிய பிறகே நவம்பரில் தடை நீங்கியது. பொறுப்பை ஏற்கச் சொல்லும் அரசு, காரணம் சொல்லும் பொறுப்பைத் தானும் ஏற்க வேண்டும்.

வேறு வழி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையவழித் தாங்குதிறன் சட்டத்தின் முதல் வரைவு, கட்டற்ற மென்பொருள் அமைப்புகளை வணிக நிறுவனங்களோடு ஒன்றாகக் கட்டும் என்று கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த இறுதி வடிவம், வணிக நோக்கின்றி நிரல் எழுதுபவரை விலக்கியது. கட்டற்ற மென்பொருளைப் பேணும் அமைப்புகளுக்குத் தனி வகுப்பும் இலகுவான கடமையும் வைத்தது. அது மென்பொருளைச் சந்தைக்குக் கொண்டுவருவது பற்றிய சட்டம். வழங்கியை இயக்குவது பற்றியது அல்ல. ஆனால் எழுதுபவர், பேணுபவர், விற்பவர் என்று சட்டத்தால் பிரித்துப் பார்க்க முடியும் என்பதற்கு அது சான்று. இயக்குபவரிடையேயும் அப்படிப் பிரிக்கலாம்: பயனர் எத்தனை பேர், சேமிப்பது எவ்வளவு நுண்ணிய தரவு, வருமானம் உண்டா என்ற மூன்று கேள்விகள் போதும்.

வள்ளூரில் ஒரு வழங்கி

இதையெல்லாம் ஒரு கற்பனைச் சூழலில் வைத்துப் பார்க்கலாம். வள்ளூரிலோ எண்ணூர்க் குப்பங்களிலோ ஒரு மீனவர் சங்கம் தன் ஆவணங்களுக்காக நெக்ஸ்ட்கிளவுட் வழங்கி ஒன்றை வைக்கிறது என்று கொள்வோம். நிவாரணம் கோரும் மனுக்கள், ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல், படகுப் பதிவுச் சான்று, முகத்துவாரத்தில் எடுத்த எண்ணெய்ப் படலப் படங்கள் எல்லாம் அதில் சேர்கின்றன. இதைச் செய்ய நல்ல காரணம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பும் படம் சுருங்கிவிடும். எடுத்த நேரமும் இடமும் சொல்லும் உள்விவரம் அழிந்துவிடும். கைபேசி தொலைந்தால் படமும் போகும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியமின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுச் சான்றைத் தாக்கல் செய்பவர் சான்றிதழ் தர வேண்டும்; அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் குறிக்கப்பட வேண்டும். மூலப் படம் மாறாமல் இருந்தால்தான் இது இயலும்.

அந்தச் சங்கம் முதலில் முடிவு செய்ய வேண்டியது எதை வைக்கக் கூடாது என்பதை. படங்கள் நெடுங்காலம் வேண்டும். ஆதார் நகல் மனு கொடுத்து முடிந்ததும் வேண்டாம். அழிக்கும் தேதியை ஏற்றும்போதே குறித்துவிடலாம். அடுத்தது ஆள். ஒருவர் மட்டும் கடவுச்சொல் அறிந்த வழங்கி, அவர் வேலைக்கு வெளியூர் போன நாளில் அநாதையாகிவிடும். இருவர் வேண்டும், மென்பொருள் புதுப்பிப்பைப் பார்க்கும் நாள் வாரத்தில் ஒன்று குறித்திருக்க வேண்டும். காப்புப்படி மறையாக்கம் செய்து வேறு ஊரில் இருக்க வேண்டும். மிக்ஜாம் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்த பகுதியில், வழங்கியும் காப்புப்படியும் ஒரே அறையில் தரையில் இருந்தால் இரண்டும் ஒன்றாக நனையும்.

காவல் துறை தகவல் கேட்டால் என்ன செய்வது என்று முன்பே எழுதி வைக்க வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவின்படி ஆவணம் கேட்க எழுத்துமூலமான ஆணை உண்டு. தொலைபேசியில் கேட்டதற்குத் தொலைபேசியிலேயே கொடுத்துவிடுவது ஒத்துழைப்பு ஆகாது. உறுப்பினருக்குச் செய்யும் துரோகம் ஆகும். முறையான ஆணையை ஒளிப்பதும் மறுப்பதும் சங்கத்தையே சிக்கலில் மாட்டும். மென்பொருளில் மாற்றம் செய்திருந்தால் மூலநிரலுக்கான இணைப்பைப் பக்கத்தின் அடியில் வைக்க வேண்டும். நடத்த முடியாமல் போனால், முன்னறிவிப்புத் தந்து, உறுப்பினர் தம் கோப்புகளை எடுத்துக்கொள்ள அவகாசம் விட்டு மூட வேண்டும்.

இவ்வளவையும் செய்ய ஆளில்லை என்றால் சொந்த வழங்கி வைக்கக் கூடாது. அது தோல்வி ஆகாது. பத்துச் சங்கங்கள் சேர்ந்து ஒரு வழங்கியை, ஊதியம் பெறும் ஒருவரைக் கொண்டு நடத்தலாம். கூட்டுறவு என்பது மீனவருக்கும் நெசவாளருக்கும் புதிய சொல் இல்லை. ஊர்தோறும் ஒரு வழங்கி என்ற ஆசையைவிட, மாவட்டத்துக்கு ஒன்று, ஆனால் ஒழுங்காக நடப்பது என்ற இலக்கு பயனருக்கு நல்லது. கட்டற்ற மென்பொருள் அமைப்புகள் நிறுவும் பயிற்சி முகாமோடு நின்றுவிடாமல், இயக்கும் பயிற்சியையும் சட்ட உதவியையும் தம் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டிய இடமும் இதுதான்.

பெயர் போடுதல்

குறைதீர்ப்பு அலுவலரின் பெயரைத் தளத்தில் போடு என்று விதி கேட்கும்போது பலருக்கு அது அரசின் கண்காணிப்பாகத் தோன்றுகிறது. அந்த அச்சத்துக்கு இந்த நாட்டில் காரணமும் உண்டு. ஆனால் 63ஆம் பிரிவுச் சான்றிதழிலும் ஒரு பெயர் கேட்கப்படுகிறது: கருவியைத் தன் பொறுப்பில் வைத்திருந்தவர் கையெழுத்திட வேண்டும். முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்த படம் நீதிமன்றத்தில் நிற்க வேண்டுமானால், இந்த வழங்கி என் பொறுப்பில் இருந்தது, இந்தக் கோப்பு மாற்றப்படவில்லை என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும். வழங்கியை ஒழுங்காகப் பராமரித்தவரால்தான் அதைத் துணிந்து சொல்ல முடியும்.

எங்கள் குழாயில் கசிவு இல்லை என்று சொல்லக் கேட்டுப் பழகியவர்கள் இந்த வட்டார மக்கள். அவர்களுடைய தரவை வைத்திருப்பவர், அது கசிந்த அன்றே, பெயரைச் சொல்லி, இன்னது போயிற்று என்று அவர்களிடம் சொல்ல வேண்டும். உரிமத்தின் எந்தப் பிரிவும் அந்தக் கடமையிலிருந்து அவரை விடுவிக்காது. சட்டம் அதை அவரால் செய்யக்கூடிய அளவில் கேட்க வேண்டும்.